‘எந்த சர்வர்?’ என்று கேட்டால் பயப்படாதீர்கள்: ஃபெடிவர்ஸ் ஓர் அறிமுகம்

2022 அக்டோபர் கடைசியில் ஈலான் மஸ்க் 4,400 கோடி டாலர் கொடுத்து ட்விட்டரை வாங்கினார். அடுத்த சில வாரங்கள் என் டைம்லைன் முழுக்க ஒரே பேச்சு: “நான் மாஸ்டடானுக்குப் போகிறேன், நீங்களும் வந்துவிடுங்கள்.” (மாஸ்டடானும் ட்விட்டர் மாதிரிச் சின்னச் சின்னப் பதிவுகள் போடும் இடம்தான்.) சரி, பார்ப்போமே என்று நானும் போனேன். பெயர், மின்னஞ்சல், பாஸ்வேர்ட் கேட்பார்கள் என்று நினைத்தால், அதற்கு முன்பே ஒரு கேள்வி வந்து நின்றது. எந்த சர்வரில் சேரப்போகிறீர்கள்? கீழே ஒரு நீளமான பட்டியல். ஓவியர்களுக்கு ஒன்று, நிரல் எழுதுபவர்களுக்கு ஒன்று, ஏதோ ஒரு நகரத்தின் பெயரில் ஒன்று, தலையும் காலும் புரியாத பெயர்களில் இன்னும் நிறைய. தப்பான இடத்தில் சேர்ந்துவிட்டால் என்ன ஆகும்? நண்பர்கள் எல்லாம் வேறொன்றில் இருந்தால்? பேசாமல் மூடிவிட்டு ட்விட்டருக்கே திரும்பிவிட்டேன்.

மறுபடி எட்டிப் பார்க்க மூன்று வாரம் ஆனது. என்னை ஓடவைத்த அந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது என்பது அப்புறம்தான் விளங்கியது. அது பிடிபட்டுவிட்டால் மீதி எல்லாம் பழக்கம்தான்.

மின்னஞ்சல் முகவரி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் @ குறி. 1971-இல் ரே டாம்லின்சன் என்ற பொறியாளர் அந்தக் குறியைத் தேர்ந்தெடுத்தார். குறிக்கு முன்னால் ஆளின் பெயர், பின்னால் அந்த ஆள் இருக்கும் கணினியின் பெயர். ஜிமெயிலில் இருப்பவர் யாஹூவில் இருப்பவருக்கு எழுதலாம், பதில் வாங்கலாம். “நீயும் ஜிமெயிலுக்கு வந்தால்தான் பேசுவேன்” என்று யாரும் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் ஃபேஸ்புக்கில் இருப்பவரோடு பேச ஃபேஸ்புக்குக்குத்தான் போக வேண்டும் என்பதை மட்டும் நாம் இயற்கை விதி மாதிரி ஏற்றுக்கொண்டுவிட்டோம்.

மாஸ்டடான் முகவரியும் மின்னஞ்சல் மாதிரிதான்: @குயில்@தோப்பு.சோஷியல். (தோப்பு கற்பனை. பயனர் பெயரை நிஜத்தில் ஆங்கில எழுத்துகளில்தான் வைக்க முடியும்; திரையில் தெரியும் பெயரைத் தமிழில் வைத்துக்கொள்ளலாம்.) முதல் பாதி நீங்கள். இரண்டாம் பாதி, உங்கள் கணக்கை வைத்திருக்கும் சர்வர். ட்விட்டரில் இந்த இரண்டாம் பாதி தேவைப்படவில்லை. எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தால் கதவு எண் எதற்கு?

சர்வர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர், ஒரு குழு, ஒரு பல்கலைக்கழகம், சில இடங்களில் அரசு அமைப்புகூட நடத்துகிறது. இவை தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பொதுமொழியின் பெயர் ஆக்டிவிட்டிபப். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் அதை அதிகாரபூர்வப் பரிந்துரையாக வெளியிட்டது. மாஸ்டடான் அதற்கு முன்பே, 2016-இல், ஜெர்மனியில் ஆய்கன் ரோக்கோ என்ற இளைஞர் எழுதிய மென்பொருள். அந்த மென்பொருளை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துத் தங்கள் சர்வரில் நிறுவலாம். ஆகவே ‘மாஸ்டடான் நிறுவனத்தின் தளம்’ என்று ஒன்றைத் தேடாதீர்கள். மாஸ்டடான்.சோஷியல் என்று, மென்பொருளை உருவாக்குபவர்களே நடத்தும் பெரிய சர்வர் ஒன்று உண்டு, ஆனால் அதுவும் பலவற்றில் ஒன்றுதான். இப்படிப் பேசிக்கொள்ளும் சர்வர்களின் மொத்தக் கூட்டத்துக்குத்தான் ஃபெடிவர்ஸ் என்று பெயர்.

ஒரு பதிவு எப்படி ஊர் தாண்டுகிறது?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடுவோம். புதிதாக வருபவர்களின் பாதிக் குழப்பம் இங்கேதான்.

நான் தோப்பில் இருக்கிறேன். நீங்கள் கரை.சோஷியல் என்ற வேறொரு சர்வரில். என் முகவரியை உங்கள் தேடல் பெட்டியில் ஒட்டுகிறீர்கள். கரை உடனே தோப்பின் கதவைத் தட்டி “இங்கே குயில் என்று யாராவது உண்டா?” என்று கேட்கிறது. “உண்டு, இதுதான் அவர் பக்கம்” என்கிறது தோப்பு. நீங்கள் ‘பின்தொடர்’ பொத்தானை அழுத்தியதும் கரையிலிருந்து தோப்புக்கு ஒரு சின்னச் செய்தி போகிறது. தோப்பு அதைக் குறித்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு நான் எது எழுதினாலும் அதன் நகல் ஒன்றைத் தோப்பு கொண்டுபோய்க் கரையின் இன்பாக்ஸில் போடும். கரையில் என்னை நூறு பேர் பின்தொடர்ந்தாலும் ஒரு நகல் போதும், அங்கிருந்து கரை பங்கிட்டுக்கொள்ளும்.

நீங்கள் உங்கள் திரையில் படிப்பது அந்த நகலை. இதை மனதில் வைத்தால் பல விசித்திரங்களுக்கு விடை கிடைக்கும். யாரோ ஒருவரின் பக்கத்துக்குப் போனால் இரண்டே பதிவுகள் இருக்கின்றன, அவரோ மூன்று வருடமாக எழுதுகிறார். உங்கள் சர்வரில் அவரை இதுவரை யாரும் பின்தொடரவில்லை, அதனால் பழைய நகல்கள் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். அவருடைய சர்வரிலேயே பக்கத்தைத் திறந்தால் எல்லாம் இருக்கும். ஒரே பதிவுக்கு உங்கள் திரையில் 4 விருப்பம், என் திரையில் 19. பழுது இல்லை, என் சர்வருக்கு வந்த தகவல் அவ்வளவு, உங்களுடையதற்கு வந்தது இவ்வளவு. பின்னூட்டங்களிலும் சில காணாமல் போகலாம். ஒருவர் ஏற்கெனவே சொன்ன பதிலையே இன்னும் ஐந்து பேர் வந்து சொல்வது இங்கே சகஜம். அவர்கள் முதல் பதிலைப் பார்த்திருக்கவே மாட்டார்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று, இது விளையாட்டு இல்லை. ஒரு பதிவை நீக்கினால் உங்கள் சர்வர் மற்ற சர்வர்களுக்கு “இதை நீக்கிவிடுங்கள்” என்று செய்தி அனுப்புகிறது. ஒழுங்காக நடக்கும் சர்வர்கள் நீக்கிவிடும். ஆனால் அது வேண்டுகோள்தான், உத்தரவு ஆகாது.

அந்தப் பொதுமொழியைப் பேசுவது மாஸ்டடான் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். படங்களுக்கு பிக்சல்ஃபெட் இருக்கிறது. காணொளிக்கு, பிரான்ஸின் ஃப்ராமாசாஃப்ட் அமைப்பு உருவாக்கிய பியர்டியூப். ரெடிட் மாதிரி தலைப்புவாரியாகக் கூடிப் பேச லெம்மி. ஒரு பியர்டியூப் சேனலை என் மாஸ்டடான் கணக்கிலிருந்தே பின்தொடர்கிறேன். புதிய காணொளி வந்தால் என் டைம்லைனில் விழுகிறது. அங்கேயே நான் எழுதும் பதில் காணொளிக்குக் கீழே பின்னூட்டமாகப் போய் உட்காருகிறது. முதல் தடவை இதைப் பார்த்தபோது ஏதோ தவறு நடந்துவிட்டது என்றே நினைத்தேன்.

எதற்கு இவ்வளவு பாடு?

“எனக்கு மஸ்க்கைப் பிடிக்கவில்லை” என்பதைப் பலரும் காரணமாகச் சொன்னார்கள். என் கணக்கில் அது பலவீனமான காரணம். நாளைக்கே நல்லவர் ஒருவர் வாங்கிவிட்டால் திரும்பிப் போய்விடலாமா? முதலாளி நல்லவரா கெட்டவரா என்பதைவிட, அவர் ஒரு முடிவெடுத்தால் நம்மால் என்ன செய்ய முடியும் என்பதுதான் கேள்வி.

2022 டிசம்பர் 18 அன்று ட்விட்டர் ஒரு விதி கொண்டுவந்தது: மாஸ்டடான், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களில் இருக்கும் உங்கள் கணக்குக்கு இங்கே சுட்டி கொடுக்கக் கூடாது. எதிர்ப்பு கிளம்பியதும் சீக்கிரமே அதை வாபஸ் வாங்கிவிட்டார்கள். ஆனால் வாசலில் நின்று “எங்கே போகிறாய் என்று யாருக்கும் சொல்லாதே” என்று சொல்ல அவர்களால் முடிந்தது. அடுத்த மாதம், வெளியார் எழுதிய ட்விட்டர் செயலிகள் முன்னறிவிப்பு இல்லாமல் வேலை செய்வதை நிறுத்தின. பல வருடமாக மக்கள் பயன்படுத்திவந்த ட்வீட்பாட் அதில் ஒன்று. (அதை எழுதியவர்கள் உடனே மாஸ்டடானுக்கு ஐவரி என்ற செயலியைக் கொண்டுவந்தார்கள்.) 2023 ஜூனில் ரெடிட்டின் முறை. வெளிச் செயலிகளுக்கு அவர்கள் கேட்ட கட்டணத்தைக் கட்ட முடியாமல் அப்பல்லோ என்ற செயலி ஜூன் 30-உடன் மூடப்பட்டது. அதற்கு முன் ஆயிரக்கணக்கான ரெடிட் குழுக்கள் எதிர்ப்பாகத் தங்கள் பக்கங்களைப் பூட்டிவைத்தன. லெம்மி என்ற பெயரைப் பலரும் முதன்முதலாகக் கேள்விப்பட்டது அப்போதுதான். இதெல்லாம் சண்டை. சண்டையே இல்லாமலும் போகும்: 2014 செப்டம்பரில் ஆர்குட்டை மூடினார்கள், 2019 ஏப்ரலில் கூகிள் பிளஸை. ஆர்குட் குழுக்களில் பக்கம் பக்கமாக எழுதியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

எந்த சர்வர்?

சுருக்கமான பதில்: ஏதோ ஒன்று. பின்னால் மாறிக்கொள்ளலாம், எப்படி என்று கீழே சொல்கிறேன். ஒன்றும் தோன்றவில்லை என்றால் பெரிய பொது சர்வர் ஒன்றில் சேருங்கள், தப்பே இல்லை.

கொஞ்சம் பார்த்துச் சேர விரும்பினால், ஒவ்வொரு சர்வருக்கும் ‘அறிமுகம்’ பக்கம் ஒன்று இருக்கும், அதைத் திறந்து படியுங்கள். நடத்துபவர் யார், தனி ஆளா குழுவா, செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, விதிகள் என்ன, எந்த சர்வர்களைத் தடுத்துவைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் ஒழுங்கான இடங்களில் எழுதியிருக்கும். எழுதியிருக்காவிட்டால் அதுவும் ஒரு பதில்தான். மாஸ்டடான் திட்டத்தின் அதிகாரபூர்வப் பட்டியலில் வரும் சர்வர்கள் சில உறுதிகளைத் தர வேண்டும்: தினமும் பேக்கப், அவசரத்துக்கு உள்ளே நுழைய இன்னொரு ஆள், மூடுவதாக இருந்தால் குறைந்தது 3 மாத முன்னறிவிப்பு. இந்த மூன்றாவதன் அருமை எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

டொமைன் பெயரின், அதாவது சர்வரின் இணைய முகவரியின், வாலையும் கவனியுங்கள். குவியர்.ஏஎஃப் என்று ஒரு மாஸ்டடான் சர்வர் இருந்தது. ஏஎஃப் என்பது ஆப்கானிஸ்தானுக்கான டொமைன். 2024 பிப்ரவரியில் தாலிபான் அரசின் கீழ் இருக்கும் அமைச்சகம் அந்தப் பெயரை முடக்கியது, சர்வரின் முகவரியே போய்விட்டது. கேட்க அழகாக இருக்கிறது என்று பெயர் வாங்கினால் இப்படியும் நடக்கும்.

உள்ளே போனதும் அடுத்த அதிர்ச்சி: ஒன்றுமே இல்லை. வெறும் திரை. நீங்கள் பின்தொடர்பவர்களின் பதிவுகள் மட்டும், நேர வரிசையில் வரும். யாரையும் பின்தொடராதவருக்கு எதுவும் வராது. ‘உங்களுக்குப் பிடிக்கலாம்’ என்று எதையாவது எடுத்து நிரப்பும் அல்காரிதம் உங்கள் முகப்பில் கிடையாது. பாதிப் பேர் இந்த இடத்தில்தான் “இங்கே யாருமே இல்லை” என்று திரும்பிப் போகிறார்கள். ஆள் இருக்கிறார்கள், நீங்கள்தான் தேடிப் போக வேண்டும். மனிதர்களைப் போலவே ஹேஷ்டேக்குகளையும் பின்தொடரலாம், ஆரம்பத்தில் அதுதான் கைகொடுக்கும். உங்களுக்குப் பிடித்த பத்து விஷயங்களின் ஹேஷ்டேக்குகளைப் பின்தொடருங்கள். உங்களைப் பற்றி நாலு வரி எழுதி ‘இன்ட்ரொடக்ஷன்’ ஹேஷ்டேக்கோடு போடுங்கள். விருப்பக் குறி இங்கே வெறும் நன்றிதான், அதனால் பதிவு பத்துப் பேருக்குக் கூடுதலாகப் போகாது. ஒருவர் எழுதியது மற்றவர்களுக்குப் போய்ச்சேர வேண்டும் என்றால் ‘பூஸ்ட்’ செய்ய வேண்டும். பதிவெழுதும் பெட்டியில் மொழியைத் தமிழ் என்று குறிப்பிட மறக்காதீர்கள், மொழி வாரியாக வடிகட்டிப் படிப்பவர்கள் உண்டு.

நான் முதலில் போட்டது ஒரு பூனைப் படம். மூன்று மணி நேரம் ஆளரவம் இல்லை. பிறகு ஒரே ஒரு பதில், முன்பின் தெரியாதவரிடமிருந்து: “அழகான பூனை என்று நினைக்கிறேன். எனக்குப் பார்வை கிடையாது, படத்துக்கு விளக்கம் எழுதினால் நானும் ரசிப்பேன்.” பதிவைத் திருத்தி, “சாம்பல் நிறப் பூனை, மடிக்கணினியின் மேல் கால் நீட்டிப் படுத்திருக்கிறது, ஒரு கண் மட்டும் திறந்திருக்கிறது” என்று எழுதினேன். அவர் ஒரு விருப்பம் போட்டார். பத்து வருடம் ட்விட்டரில் இருந்தும் படத்துக்கு விளக்கம் எழுதும் வசதியை நான் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை.

இது சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் சர்வரை நடத்துபவர் அந்தச் சின்ன ராஜ்யத்தின் ராஜா. இன்னொரு சர்வரோடு பேச்சுவார்த்தையே வேண்டாம் என்று அவர் துண்டித்துவிட்டால் அங்கிருக்கும் உங்கள் நண்பரும் உங்களுக்கு இல்லாமல் போவார். இந்த ஆயுதம் தேவையானதும்கூட. 2019-இல் தீவிர வலதுசாரிகள் கூடும் காப் என்ற தளம் மாஸ்டடான் மென்பொருளுக்கு மாறியது. திறந்த மென்பொருள் என்பதால் யாரும் தடுக்க முடியாது. பல சர்வர்கள் ஒவ்வொன்றாக அதைத் துண்டித்துக்கொண்டன. ஆனால் இரண்டு நிர்வாகிகளுக்குள் மனக்கசப்பு வந்தாலும் அதே கத்திரிக்கோல்தான்.

தனிச் செய்திகளை நம்பி ரகசியம் எதுவும் எழுத வேண்டாம். அவை முழுக்க மறையாக்கம் செய்யப்பட்டவை அல்ல. சர்வரை நடத்துபவர் நினைத்தால் படிக்க முடியும். அதைவிட ஆபத்தான ஒன்று: தனிச் செய்தியில் மூன்றாம் நபர் ஒருவரின் முகவரியை @ போட்டு எழுதினால் அந்தச் செய்தி அவருக்கும் போய்விடும். ஒருவரைப் பற்றிப் புறம் பேசப்போய் அவரையே அழைத்துவந்து உட்காரவைத்த கதைதான்.

வீடு மாறுவது

நான் சேர்ந்த முதல் சர்வரை ஒரே ஆள் நடத்தினார். சில நூறு பேர் இருந்தோம். ஒருநாள் அறிவிப்பு வந்தது: வேலை, குடும்பம், புகார்களைப் பார்ப்பது என்று எல்லாம் சேர்ந்து முடியவில்லை, மூன்று மாதத்தில் மூடுகிறேன், மன்னியுங்கள். மனிதர் பாவம், ராத்திரி இரண்டு மணிக்கு உட்கார்ந்து ஸ்பாம் கணக்குகளை நீக்கிக்கொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

மாறுவதற்கு இருபது நிமிடம் ஆனது. புதிய சர்வரில் கணக்கு திறந்தேன். அதன் அமைப்புகளில் “இந்தப் பழைய முகவரியும் நான்தான்” என்று பதிவுசெய்தேன். பழைய கணக்குக்குப் போய் “இந்தப் புதிய முகவரிக்கு மாறுகிறேன்” என்று கொடுத்தேன். இந்த வரிசை முக்கியம்: முதலில் புதியது பழையதை ஒப்புக்கொள்ள வேண்டும், அப்புறம்தான் பழையது அனுப்பிவைக்கும். இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் யாருடைய பின்தொடர்பவர்களையும் யார் தலையிலாவது கட்டிவிடலாமே. பொத்தானை அழுத்திவிட்டுப் புதிய பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்துகொண்டே இருந்தேன். 0. 0. 7. 31. 88. பழைய சர்வர் ஒவ்வொரு சர்வராகப் போய் “குயில் வீடு மாறிவிட்டார்” என்று சொல்லிக்கொண்டிருந்தது. யாரும் எதையும் அழுத்தவில்லை. நான் புழங்கும் வேறு எந்தத் தளத்திலும் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

நான் பின்தொடர்ந்தவர்களின் பட்டியல், தடுத்தவர்கள், புக்மார்க் ஆகியவை சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்புகளாக வந்தன, புதிய இடத்தில் ஏற்றிக்கொண்டேன். பதிவுகள் மட்டும் வரவில்லை. அவற்றைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம், புதிய சர்வரில் ஏற்ற வழியில்லை. எனக்கு அது கொஞ்சம் வலித்தது. பூனைப் பதிவு இப்போது என் கணினியில் ஒரு ஜிப் கோப்புக்குள் கிடக்கிறது. ஒருமுறை மாறினால் அடுத்த மாற்றத்துக்கு 30 நாள் பொறுக்க வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இதெல்லாம் பழைய சர்வர் உயிரோடு இருக்கும் வரைதான். வீடு மாறிய செய்தியை அனுப்புவது அதன் வேலை. சொல்லாமல் கொள்ளாமல் சர்வர் போய்விட்டால் பின்தொடர்பவர்களைக் கூட்டிவர முடியாது. அப்போது உட்கார்ந்து வருந்துவது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை. மாதம் ஒருமுறை அந்த சிஎஸ்வி கோப்புகளையாவது இறக்கி வைத்துவிடுங்கள்.

“ப்ளூஸ்கை, த்ரெட்ஸ் எல்லாம்?” என்று கேட்பீர்கள். ப்ளூஸ்கை வேறொரு பொதுமொழியில் ஓடுகிறது, அதன் பெயர் ஏடி புரோட்டோகால். 2024 பிப்ரவரியில் எல்லோருக்கும் திறந்தார்கள். சொந்த டொமைனையே பயனர் பெயராக வைத்துக்கொள்ளலாம், பழைய பதிவுகளோடு இடம் மாறும்படி வடிவமைத்திருக்கிறார்கள். அந்த விஷயத்தில் மாஸ்டடானைவிடக் கெட்டிக்காரத்தனம். ஆனால் நடைமுறையில் அங்கிருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரே நிறுவனத்தின் கூரையின் கீழ்தான் இருக்கிறார்கள். த்ரெட்ஸ், ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவுடையது. ஆக்டிவிட்டிபப்பை ஓரளவு பேசுகிறது, அங்கிருப்பவர் விரும்பி அந்த வசதியைப் போட்டால் மாஸ்டடானிலிருந்து அவரைப் பின்தொடரலாம். ஃபெடிவர்ஸின் பழைய ஆட்கள் பலருக்கு இதில் நம்பிக்கை இல்லை. கூகிள் டாக் ஒருகாலத்தில் எக்ஸ்எம்பிபி என்ற திறந்த மொழியில் மற்ற அரட்டை சர்வர்களோடு பேசியது. 2013-இல் ஹேங்அவுட்ஸ் வந்ததும் கூகிள் அந்தக் கதவைச் சாத்த ஆரம்பித்தது. அந்தச் சூடு பட்டவர்கள் இவர்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் ட்விட்டரில் பின்தொடர்ந்த முந்நூற்றுச் சொச்சம் பேரில் இங்கே வந்து நிலைத்தவர்கள் பதினான்கு பேர். மற்றவர்களை எந்தப் பொதுமொழியாலும் கொண்டுவர முடியாது. அதனால் பழைய கணக்கை ஆத்திரத்தில் நீக்கிவிடாதீர்கள், பெயரை வேறு யாராவது எடுத்துக்கொண்டு உங்களைப் போல எழுதும் வாய்ப்பும் உண்டு. பதிவுகளைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள், புதிய முகவரியைப் பழைய பக்கத்தின் அறிமுக வரியில் எழுதுங்கள், அப்படியே விட்டுவிடுங்கள். என்னுடையது இன்னும் அங்கே கிடக்கிறது.

போன மாதம் பழைய நண்பர் ஒருவர் அந்த வரியைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். காலையில் அவரிடமிருந்து ஒரு செய்தி: “அவசரத்துல நான் வேற ஏதோ சர்வர்ல சேர்ந்துட்டேன் போல. இனிமே உங்ககூடப் பேச முடியாதா?” அனுப்பியவரின் முகவரியைப் பார்த்தேன். இரண்டாம் பாதியில், நான் கேள்வியே பட்டிராத ஒரு சர்வரின் பெயர்.